போட்டி போன பிறகு போர்ட் வில்லியம்

"அம்மா, இவ்வளவுதானா?"

கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் மகள் கேட்ட முதல் கேள்வி இதுதான். லண்டனிலிருந்து ஐந்நூறு மைலுக்கு மேல் ஓடி, இரவு கிளாஸ்கோவில் சித்தி வீட்டில் படுத்து, விடிய வெளிக்கிட்டு, கிளென்கோ மலைகளுக்குள்ளால் மழையில் நனைந்து வந்திருந்தோம். வழியில் சாப்பிட்ட ரோல்ஸின் மணம் இன்னும் காருக்குள் நின்றது. முன்னுக்கு ஒரு கொண்டோலா நிலையம், ஒரு கபே, சைக்கிள் வாடகைக்கடை, பின்னால் முகில் மூடிய மலை. அவ்வளவுதான்.

2025 ஓகஸ்ட்டில் அங்கே போட்டி ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு நல்லாய்த் தெரியும். ஆனாலும் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். எங்கட கோயில் திருவிழா முடிந்த அடுத்த கிழமை வீதியில் போனால் பந்தல் போட்ட குழியாவது இருக்குமே, அதுமாதிரி.

அதற்கு இரண்டு வருசத்துக்கு முன், 2023 ஓகஸ்ட்டில், இதே இடத்தில் கால் வைக்க இடமில்லை. உலக சம்பியன்ஷிப்பின் டவுன்ஹில் போட்டி. டவுன்ஹில் என்பது மலை உச்சியிலிருந்து ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போட்டு இறங்குவது. போர்ட் வில்லியத்தில் கொண்டோலா ஏறி இறங்குகிற 650 மீற்றர் உயரத்துக்குப் பக்கத்தில் இருந்து தொடங்குவார்கள். நாங்கள் காலில் இறங்கினால் முழங்கால் பிடிக்கிற கல்லும் வேரும் சேறும் நிறைந்த பாதை. பெரிய வீரர்கள் நாலு, ஐந்து நிமிசத்துக்குள் கீழே நிற்பார்கள். கடைசி மரங்களைத் தாண்டி வெளியில் வரும்போது சனம் சங்கிலி கழற்றிய மரம் அரியும் மெசினை உறுமவிடும். முதல் தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் காதைப் பொத்தினேன். அப்போது பதினொரு வயதான மகள் சிரித்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் ஏற்கனவே பழக்கம், போனில் கேட்டுக் கேட்டு.

அண்டைக்கு ஆண்கள் போட்டியில் வென்றது பிரித்தானியாவின் சார்லி ஹற்றன். இரண்டாவது, ஒஸ்ரியாவின் அன்ட்ரியாஸ் கோல்ப். சனம் கொடியை ஆட்டிக் கத்திக்கொண்டு நிற்க, இவர் மட்டும் என்னைத் தட்டி, "சைக்கிளைப் பாரும், ரெண்டும் ஒரே கொம்பனி" என்றார். உண்மைதான். உலக சம்பியன்ஷிப்பில் வீரர்கள் நாட்டுச் சட்டை போடுவார்கள். மற்ற நாட்களில் இருவரும் அதர்ரன் என்ற ஒரே குழுவுக்கு ஓடியவர்கள். கீ, டான், ரேச்சல் என்று மூன்று சகோதரங்கள், தாங்களே இந்த விளையாட்டில் பெயர் எடுத்தவர்கள், 2019இல் வேல்ஸ் நாட்டுச் சின்ன ஊரொன்றில் தொடங்கிய சைக்கிள் கொம்பனி அது. பெரிய பெரிய பெயர்களுக்கு நடுவில் அந்தச் சின்னப் பெயர் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்தது எனக்குக் கூடச் சந்தோசமாக இருந்தது. சட்டையில் நாடு, சட்டகத்தில் கொம்பனி. அதைப் பார்த்த பிறகுதான் இந்த விளையாட்டை ஓட்டுகிற காசு எங்கிருந்து வருகிறது என்று நான் கவனிக்கத் தொடங்கினேன்.

உலகக் கிண்ணத் தொடர் 1991இல் தொடங்கியபோது அதற்கு முன்னுக்கு ஒட்டியிருந்த பெயர் கிரண்டிக். அப்பாவிடம் சொன்னபோது அவர் சைக்கிளை விட்டுவிட்டு ரேடியோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அப்பப்பா வீட்டில் இருந்த பெரிய ரேடியோ கிரண்டிக்தானாம். அந்த ஜெர்மன் கொம்பனி 2003இல் முறிந்தது. போட்டி நின்றுவிடவில்லை, பெயர்கள்தான் மாறின. நிசான் வந்தது, மெர்சிடிஸ்-பென்ஸ் வந்தது. 2024இலிருந்து வூப், இதயத் துடிப்பையும் நித்திரையையும் அளக்கிற கைப்பட்டி. ரேடியோ, கார், கைப்பட்டி. மலை மட்டும் அதே மலை.

ஆனால் எங்கட வீட்டுக்குள் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தது இவற்றில் ஒன்றுமில்லை, ரெட் புல். 2022 வரை அவர்களின்ர இணைய ரீவியில் போட்டிகளை இலவசமாகப் பார்க்கலாம். கொரோனா அடைப்பில் வீட்டுக்குள் கிடந்த எட்டு வயதுப் பிள்ளை பழைய போட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். ஒரு சதமும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அந்த இரண்டு காளை மாடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேணும் என்பதுதான். அந்தப் பானத்தை வீட்டில் வாங்குவதில்லை என்று நான் வீரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் மூன்று வருசத்தை அவர்கள் வாங்கிவிட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

2023இலிருந்து ஒளிபரப்பும் தொடரை நடத்துகிற பொறுப்பும் வோர்னர் பிறதர்ஸ் டிஸ்கவரியிடம் போனது. உலகம் முழுக்கக் கொண்டுபோவோம், பெரிய ரீவிக்குக் கொண்டுவருவோம் என்பது திட்டம். பிழையான திட்டம் என்று சொல்லமாட்டேன். காசு வராமல் எந்த விளையாட்டும் வளராது. ஆனால் பிரித்தானியாவில் 2025இல் முழுத் தொடரையும் நேரலையில் பார்க்க மாதம் 30.99 பவுண் சந்தா கட்டவேண்டியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை போனில் தற்செயலாகக் கண்டுபிடிக்கிற விளையாட்டு இல்லை இப்போது இது. இறுதிச் சுற்றையும் சுருக்கினார்கள். முன்பு ஆண்களில் அறுபது பேர் இறங்குவார்கள், 2023இல் அது முப்பதாகியது. ரீவிக்கு நல்லது, பார்க்கச் சலிப்பில்லை. நாற்பதாவதாக வருகிற பெடியனின் சட்டையில் பேர் போட்ட சின்னக் கடைக்காரனை யார் பார்ப்பது?

போர்ட் வில்லியம் 2002இலிருந்து, கொரோனாக் காலத்தைத் தவிர, அநேகமாக ஒவ்வொரு வருசமும் இந்தப் போட்டியை நடத்தியது. கடைசியாக 2024 மே மாதம். 2025 அட்டவணை வந்தபோது பிரேசில் இருந்தது, போலந்து இருந்தது, அல்ப்ஸ் மலையில் ஒன்றுக்கு ஐந்தாக இருந்தது. பிரித்தானியாவில் ஒன்றும் இல்லை. ஒரு போட்டி ஊருக்கு வருவதென்றால் ஊரும் காசு வைக்கவேணும். பாதை, வைத்தியம், பாதுகாப்பு, வேலி என்று செலவு கூடிக்கொண்டே போகும். அல்ப்ஸில் கோடையில் சும்மா நிற்கிற பனிச்சறுக்கு ஊர்களுக்கு, உலகம் முழுக்க ரீவியில் தெரிவது பெரிய விளம்பரம். பத்தாயிரம் பேர் மட்டில் இருக்கிற போர்ட் வில்லியத்துக்குப் பென் நெவிஸ் மலையைப் பார்க்கவே கோடையில் ஆட்கள் வருவார்கள்.

2026 தென்கொரியாவில் தொடங்குகிறதாம். "எங்கட இடத்தைப் பறிச்சுக்கொண்டு போய்…" என்று நான் சமையலறையில் புறுபுறுத்தேன். மகள் தலை நிமிராமல், "அங்க இருக்கிற பிள்ளைகளும் பாக்கத்தானே வேணும், அம்மா" என்றாள். நான் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

காசு கொடுப்பவர்கள் எல்லாரும் பலசாலிகள் என்றும் நினைக்கக் கூடாது. கொரோனாவில் எல்லாரும் சைக்கிள் வாங்கினார்கள். கொம்பனிகள் அள்ளி அள்ளிச் செய்தன. பிறகு வாங்க ஆளில்லை, களஞ்சியம் நிறைந்து கிடந்தது. மகளின் சைக்கிள் கிட்டத்தட்டப் பாதி விலைக்குக் கிடைத்ததே அதனால்தான். அதே சரிவில் கொம்பனிகள் விழுந்தன, குழுக்கள் கலைந்தன. 2023இல் இதே மலையில் பெண்கள் போட்டியை வென்ற வாலி ஹொல் பிறகு வைரி என்ற ஜெர்மன் கொம்பனியின் குழுவுக்குப் போனார். 2025 யூலையில் அந்தக் கொம்பனி கடன் கட்டமுடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. செப்ரெம்பரில் அவர் சுவிற்சர்லாந்தில் அதே கொம்பனிச் சைக்கிளில் மறுபடியும் உலக சம்பியன். நாங்கள் மலிவாக வாங்கியதில் அவருடைய சம்பளத்திலும் ஒரு துண்டு இருக்கும்போல என்று இவர் பகிடியாகச் சொன்னார். மகளுக்கு அது பகிடியாகப் படவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கட வீட்டிலும் ஒரு அனுசரணைக் கதை நடந்துகொண்டிருந்தது.

மகளுக்கு இப்ப பதின்மூன்று. சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் ஓட ஆசை. பதிவுக் காசு, முகம் மூடின ஹெல்மெற், கவசம், பெற்றோல், தங்குமிடம் எல்லாம் கூட்டினால் நடன வகுப்பும் தமிழ்ப் பள்ளியும் சேர்ந்ததை விடக் கூட. இது எங்கட தமிழ்க் கடை அண்ணையின் காதுக்குப் போய்விட்டது. உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டி, கலைவிழா, கோயில் கலண்டர் எல்லாவற்றிலும் கடைசி வரியில் நிற்கிற பெயர். "பிள்ளைக்கு நூற்றைம்பது பவுண் நான் தாறன். சைக்கிளில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டினாக் காணும்" என்றார்.

நான் உடனே ஓம் சொல்லவில்லை. போன வருசம் அவளுக்கு மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை மாவுக்கட்டு. எங்கட காசென்றால் 'இண்டைக்கு வேண்டாம், பயமாக் கிடக்கு' என்று அவள் சொல்லலாம். அண்ணையின் காசென்றால் சொல்லுவாளா? எங்கட பிள்ளைகள் மற்றவர்களின் நன்றிக்குக் கட்டுப்பட்டுத்தானே வளர்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். அதை அவரிடமே சொன்னேன். வென்றாலும் வெல்லாட்டியும், ஓடினாலும் ஓடாட்டியும் கேட்கக் கூடாது என்று. அவர் பச்சை மிளகாயை நிறுத்துக்கொண்டே, "தங்கச்சி, நான் என்ன ரெட் புல்லோ?" என்றார்.

அந்த ஸ்ரிக்கரோடுதான் போர்ட் வில்லியம் வந்தோம். உலகக் கிண்ணப் பாதையை அவள் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். கொண்டோலாவில் ஏறும்போது கீழே அந்தக் கறுப்புப் பாதை தெரிந்தது. அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, எந்தக் கல்லில் யார் எப்ப விழுந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பும் வேலியும் பதாகையும் இல்லாமல் பார்க்க, அது யாரோ கைவிட்ட ஆற்றுப்படுக்கை மாதிரி இருந்தது. மேலே குளிரில் பத்து நிமிசம் நின்றாள். ஒரு ஸ்கொட்லாந்துக்காரத் தகப்பனும் இரண்டு பெடியளும் பக்கத்தில் நின்றார்கள். "போட்டி இல்லாட்டி எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, வரிசை இல்லை" என்று அவர் சிரித்தார். மூத்த பெடியன் சிரிக்கவில்லை.

முதல் தரம் நிறமும் குறியும் பார்த்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இலகுவான பாதையால் வந்தாள். இரண்டாம் தரம் சிவப்புக் குறிப் பாதை. நான் கொண்டோலாவில் கீழே வந்து காத்துக்கொண்டு நின்ற நேரம் ஒரு மணித்தியாலம் போல இருந்தது, உண்மையில் இருபது நிமிசமும் இல்லை. மரங்களுக்குள்ளிருந்து சேறு பூசிக்கொண்டு வந்தாள். முன்பு மேடை போட்டிருந்த இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவில், சைக்கிளை நிறுத்தினாள்.

"அம்மா, ஒரு படம் எடுங்கோ. கடை மாமாக்கு அனுப்ப."

எடுத்து அனுப்பினேன். மறுமொழி வர இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை. "நல்லாய் இருக்கு தங்கச்சி. ஆனால் கடைப் பேர் சேற்றுக்குள்ள மறைஞ்சு போச்சு. துடைச்சுப்போட்டு இன்னொண்டு எடுங்கோவன்."

மகள் சட்டைக் கையால் துடைக்கத் தொடங்கினாள்.