பத்தமடையில் கோரையின் பதம்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் பாய் நெய்யும் வீடுகளைப் பார்க்கப் போனபோது, தறியைவிட அதற்கு முந்தைய வேலைகள்தான் என்னை அதிகம் ஈர்த்தன. தாமிரபரணிக் கரையோரக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறிக் காயவைக்கிறார்கள். முரட்டுப் பாய்க்கு அவ்வளவு போதும். பட்டுப்பாய் எனப்படும் நயமான பாய்க்குக் கோரைக்கட்டுகள் ஓடும் நீரில் சில நாள் ஊற வேண்டும். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். ஊறல் குறைந்தால் இழை விறைத்து முறியும்; மிஞ்சினால் அழுகி நிறம் கெடும். எத்தனை நாள் என்பதற்கு மாறாத கணக்கு கிடையாது. கோரையின் முற்றலும் நீரோட்டமும் வெயிலும் சேர்ந்து தீர்மானிக்கிற பதம் அது. இந்த ஊறல் முறையைக் கண்டறிந்தவராக ஹசன் பாவா லெப்பையின் பெயர் சொல்லப்படுகிறது. அவர் புதிய பொருள் எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த புல்லைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். துணிபோல் மடிகிற பாய் அதிலிருந்து பிறந்தது.

சூழலுக்கு உகந்த வடிவமைப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொருளைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக்கை விலக்கி இயற்கை நாரை எடுத்தால் பாதி வேலை முடிந்தது என்கிற நம்பிக்கை அதில் இருக்கிறது. அது போதாது என்பதற்குப் பாய்ச் சந்தையே சான்று. நைலான் நூலைப் பாவாகக் கட்டிய கோரைப் பாய்களும் இன்று விற்கின்றன. அந்த நூல் எளிதில் அறாது, மலிவு. ஆனால் பாய் கிழிந்த பிறகு கோரை மக்கிப்போகும், நைலான் மண்ணிலேயே கிடக்கும். இரண்டும் பின்னிக் கிடப்பதால் மறுசுழற்சிக்கும் உதவாது. பருத்திப் பாவு கட்டிய பாய்க்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்தப் பாவு எந்தக் கோரையோடு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் காகிதத்தில் வரைந்து அறிய முடியாது. கட்டி, நனைத்து, அடித்து, மடித்துத்தான் அறிய முடியும். அதனால்தான் கையால் செய்துபார்ப்பதை வடிவமைப்புக்கு முந்தைய பயிற்சியாக நான் கருதவில்லை, வடிவமைப்பே அதுதான்.

பிளாஸ்டிக் பாயைக் கழுவலாம், மழையில் கிடந்தாலும் பூஞ்சை பிடிக்காது, விலையும் குறைவு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஈரத் தரையில் கோரை தோற்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா இடத்துக்கும் கோரைதான் என்று நான் வாதிடவில்லை. ஆனால் பிளாஸ்டிக் பாய் வெயிலில் நொறுங்கித் துகளான பிறகு அதைச் சுமக்கிற செலவு அந்தக் குறைந்த விலையில் சேரவில்லை. சாயத்திலும் இதே கணக்குதான். சப்பங்கிக் கட்டையின் சிவப்பு இருந்த இடத்தில் ரசாயனச் சாயம் வந்துவிட்டது. அப்படிச் சாயமேற்றிய பாயை, கோரை என்ற ஒரே காரணத்துக்காகத் தூய்மையானது என்று விற்பது நேர்மையாகாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். பாய்க்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குச் சோதனை என்பது ஆடம்பரம்: பாழான ஊறலுக்கும் அவிழ்த்துக் கட்டிய பாவுக்கும் யாரும் பணம் தருவதில்லை. 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், தோற்ற முயற்சிக்குக் கூலி தராது. ஆகவே பைக்கும் மேசை விரிப்புக்கும் புது மாதிரி கேட்டு வருகிற வடிவமைப்பாளர்களும் நிறுவனங்களும், சரியாக வந்த மாதிரிக்கு மட்டுமல்லாமல் வீணான நாட்களுக்கும் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.