கோபே நகரில் ஒரு விருந்து

ஜப்பானின் முதலாவது பள்ளிவாசல் 1935இல் கோபே நகரில் திறக்கப்பட்டது. 1945இன் குண்டுவீச்சும் 1995இன் பூகம்பமும் நகரைச் சிதைத்தபோதும் அது நிலைத்து நின்றது. அதனைக் காண நண்பர்கள் இருவருடன் சென்றிருந்தேன். அன்றிரவு, நண்பரொருவருக்குப் பழக்கமான ஜப்பானியக் குடும்பத்தில் எமக்கு விருந்து.

அங்கே பன்றியிறைச்சியை விடவும் கவனிக்க வேண்டியது 'மிரின்'. அரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பு மது. மீன் சமைக்கவும் அதைத்தான் ஊற்றுவார்கள். கேட்டால் வீட்டார் மனம் நோகுமே என்று நண்பர் தயங்கினார். நான் கேட்டேவிட்டேன். வீட்டம்மா முகம் கோணவில்லை. சமைத்ததை ஒதுக்கிவிட்டு வேறு சட்டியை அடுப்பில் வைத்தார்.

பிறகு விறகுத் துண்டு போன்ற ஒன்றை எடுத்தார். பார்த்தால் நம் மாசி! அங்கே அதன் பெயர் 'கட்சுவோபுஷி'. அதே சூரை மீன்தான். அவித்து, புகையூட்டி, உலர்த்துகிறார்கள். நாம் உரலில் இடிக்கிறோம், அவர்களோ தச்சரின் சீவுளி போன்ற பெட்டியில் மெல்லியதாகச் சீவிக் கொதிநீரில் இடுகிறார்கள். அந்த மணம் வீட்டு ஞாபகத்தைத் தந்தது.

'இத்தாதகிமாஸ்' என்று கைகூப்பி அவர்கள் தொடங்கினர். நாங்கள் பிஸ்மி சொன்னோம். மாசியைத் தேங்காய்ப்பூவுடன் இடித்துச் சம்பலாக்குவோம் என்றதும், வீட்டம்மா எழுதிக்கொள்ளத் தாள் தேடினார்.