மூன்றாவது துளை

தில்லியில் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர் குழாயைத் திறந்து பார்ப்பர்; சுவரிலுள்ள பிளக் துளைகளைக் கவனிப்பவர் அரியர். மூன்றனுள் பெரியது எர்த் கம்பிக்குரியது. பழைய வீடுகள் சிலவற்றில் அது வெறும் அலங்காரமே! தகட்டு உடல் கொண்ட டோஸ்டருக்கோ அதுவே உயிர்க்காப்பு. உள்ளே சிவந்து காயும் நிக்ரோம் கம்பிக்கு உறையில்லை; மின்னழுத்தமோ 230 வோல்ட். அக்கம்பி நழுவித் தகட்டில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் அதைத் தொட்டவர் கதி என்ன? சுவருக்குள் இணைப்பு இடம் மாறியிருப்பின், ஸ்விட்சை அணைத்த பின்பும் அபாயம் நீங்காது. ஆகவே, சிக்கிய ரொட்டியை முட்கரண்டியால் கிளறலாகாது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுவதே முறை.

எர்த் போட்டுத் தரும்படி எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன். "உங்களிடம் தவா இல்லையா?" என்றார். அவர் மனம் இரங்கும்வரை தோசைக்கல்லிலேயே ரொட்டி வாட்டுகிறோம், சுவையில் குறைவில்லை.