முண்டு மிளகாயும் கன்ஃபர்மேஷன் கேண்டிலும்

டிரேடிங் பண்ற நம்ம பொட்டி தட்டும் மக்கள்கிட்ட அடிக்கடி கேக்கற ஒரு வசனம், "கன்ஃபர்மேஷன் வரட்டும் மச்சி". சார்ட்டில் மூவிங் ஆவரேஜ் போட்டாச்சு, ஆர்எஸ்ஐ போட்டாச்சு, எம்ஏசிடியும் போட்டாச்சு. மூணும் வாங்குன்னு சொன்ன பிறகும் விரல் மவுஸ் மேலயே நிக்கும். யோசிச்சுப் பாருங்க, மூணுமே ஒரே விலையை வெச்சுப் போட்ட கணக்குதான். ஒரே லாக் ஃபைலை மூணு டாஷ்போர்டுல பாத்துட்டு மூணு சாட்சி இருக்குன்னு சொல்ற கதை.

அதுக்காக "தயங்காதே, பட்டனை அமுக்கு"ன்னு வீடியோ போடறவங்க கட்சியும் நான் இல்லை. செபி 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டில், பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல! இதைப் படிச்சு ஒருத்தனுக்குத் தயக்கம் வந்தா அது வியாதி இல்லை சாமி, புத்தி.

அப்போ எந்தத் தயக்கத்தை வெச்சுக்கறது, எதை விடறது?

எங்க ஊர் முதுகுளத்தூர் பக்கம். மழையை நம்பி முண்டு மிளகாய் போடற பூமி. குண்டா, தடிச்ச தோலோட இருக்குமே, அதான். 2023-ல புவிசார் குறியீடு கூட வாங்கிடுச்சு. இந்த வருஷம் அறுப்பு முடிஞ்சதும் சித்தப்பா பையன் போன் பண்ணினான்.

"அண்ணே, பன்னெண்டு மூட்டை காஞ்சு கெடக்கு. இப்ப வித்துரவா, இல்ல வெல ஏறுமா? நீதான் கம்ப்யூட்டர்ல பாப்பியே."

தங்கச்சி நகையை அடகு வெச்சுப் போட்ட வெள்ளாமை. தவணை ஜூன் கடைசி.

"ஏறுமான்னு எனக்குத் தெரியாதுடா"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பொறியியல் படிச்ச அண்ணன்கிட்ட இதை அவன் எதிர்பார்க்கலை போல :-)

"எத்தனை மூட்டை வித்தா நகை திரும்பும்?"

கணக்குப் போட்டான். அன்னிக்கு விலைக்கு ஏழு.

ஏழை அந்த வாரமே போடச் சொன்னேன். மீதி அஞ்சு குளிர்பதனக் கிடங்குக்கு. வீட்டுல வெச்சா நிறம் மங்கும், பூச்சி விழும். எந்த விலைக்குக் கீழ வந்தா கேள்வி கேக்காம விப்பான், எந்தத் தேதிக்கு மேல வெச்சிருக்க மாட்டான், ரெண்டையும் காலண்டர்ல எழுதச் சொன்னேன்.

"நாளைக்கே ஏறிருச்சுன்னா ஏழு மூட்டையும் போச்சேண்ணே?"

"ஏறலாம்டா. நகை வீட்டுக்கு வந்துருமே."

கடலோரத்துல இது இன்னும் பளிச்சுனு தெரியும். புயல் சின்னம் உருவாகி, பாம்பன்ல எச்சரிக்கைக் கூண்டு ஏத்தி, மீன்வளத்துறை டோக்கனை நிறுத்திட்டா ராமேஸ்வரம் விசைப்படகு கரையிலதான். அங்க வாதமே கிடையாது. ஆனா போகலாம்னு இருக்கிற நாள்ல, மீன் உறுதியா கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டு யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. டீசலும் ஐஸும் கரையிலேயே செலவாயிடும். அந்தப் பணம் திரும்பாம போகலாம்னு தெரிஞ்சேதான் நங்கூரம் எடுக்கறாங்க.

நான் பங்கு வாங்கும்போதும் இப்ப இந்த வரிசைதான். எவ்வளவு போனா தாங்குவேன், எங்க வெளியே வருவேன், இது ரெண்டும் நோட்டுல ஏறாம ஆர்டர் போடறதில்லை. ஏறினப்புறம் கேண்டிலைப் பாத்துக்கிட்டு நிக்கறதும் இல்லை. ஸ்டாப்லாஸ் போட்டாச்சுன்னு தெம்பா இருந்துடவும் முடியாது. மறுநாள் விலை ஒரேயடியா கீழ திறந்தா நாம போட்ட இடத்துல விக்காது. அதனால வாங்கற அளவுலதான் என் கவனம் எல்லாம். ஆப்ஷன் பக்கம் போறதே இல்லை. கிடங்குல இருக்கிற மூட்டை வாடகை மட்டும்தான் கேக்கும், வாங்கி வெச்ச ஆப்ஷன் எக்ஸ்பைரி நெருங்க நெருங்கத் தானா கரையும்.

அஞ்சு மூட்டையும் இன்னும் கிடங்குலதான் இருக்கு. தம்பி தினமும் விலையை வாட்ஸப்ல அனுப்பறான்.

டிஸ்கி: நான் செபியில் பதிவு பண்ணின ஆலோசகன் இல்லை. மிளகாய்க்கும் இல்லை!