வாக்கு காத்த உயிர்

விஞ்ஞான மாணவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பகலெல்லாம் எண்களோடு போராடுகிறவனுக்கு இரவில் மனிதர் கதை வேண்டியிருக்கிறது என்பதே என் விடை. அவ்வாறு படித்தவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதவன் இம்மா என்னும் இளைஞன்.

இங்கிலாந்து என்ற ஒரே நாடு தோன்றாத காலம். ஆங்கிள், சாக்ஸன் இனத்தாரின் சிற்றரசுகள் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தன. 679-ஆம் ஆண்டில் டிரென்ட் ஆற்றின் அருகே நார்தம்பிரியா மன்னன் எக்பிரித்தும் மெர்சியா மன்னன் எதல்ரெட்டும் பொருதனர். எக்பிரித்தின் உடன்பிறந்தாள்தான் எதல்ரெட்டின் மனைவி. உறவு போரைத் தடுக்கவில்லை. எக்பிரித்தின் தம்பி ஆல்ப்வினே களத்தில் மாண்டான். வயது சுமார் 18. இரு நாட்டாரும் அவன்மீது அன்பு வைத்திருந்தனராம்.

அதே களத்தில் பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்தான் இம்மா. ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின் நினைவு வந்தது. காயங்களைத் தானே கட்டிக்கொண்டு நடந்தவன் பகைவரிடம் சிக்கினான். தான் வீரன் அல்லன், படைக்கு உணவு கொண்டுவந்த ஏழைக் குடியானவன் என்று சொல்லிப் பார்த்தான். முகமும் உடையும் பேச்சும் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டன. பேச்சு ஆளை மறைக்க விடுமா? கடைத்தெருவில் நாம் இந்தியில் இரண்டு சொல் பேசுமுன்னே "மதராசியா?" என்று கேட்டுவிடுகிறார்களே! நமக்கு அது ஒரு சிரிப்போடு போகிறது. அவனுக்கோ உயிர்ப் பிரச்சினை.

சிறைப்பிடித்த பிரபு அவனைத் தனியே அழைத்து, உண்மை சொன்னால் தீங்கு செய்வதில்லை என்று வாக்களித்தான். இம்மா சொல்லிவிட்டான். பிரபுவின் சகோதரரும் சுற்றத்தாரும் அதே போரில் மடிந்தவர்கள்! இரத்தத்துக்கு இரத்தம் என்பதே அக்கால வழக்கு. ஆயினும் கொடுத்த வாக்கை மீற அவன் மனம் ஒப்பவில்லை.

731-இல் இக்கதையை நூலில் எழுதி முடித்த பீட் என்ற துறவி, இம்மாவைப் பிணித்த கட்டுகள் தாமே அவிழ்ந்தன என்கிறார். மடத்துத் தலைவனான அவன் சகோதரன் செய்த வழிபாட்டின் பயன் என்பது அவர் நம்பிக்கை. எனக்கோ, அந்தப் பிரபுவின் கை வாளுக்குப் போகாததே பெரிய அற்புதமாகத் தோன்றுகிறது.

அவன் மகான் அல்லன். காயம் ஆறியதும் இம்மாவை லண்டனில் பிரிசிய நாட்டான் ஒருவனுக்கு அடிமையாக விற்றுக் காசாக்கினான். மீட்புப் பணம் தருவதாக ஆணையிட்டு விடைபெற்ற இம்மா, கென்ட் மன்னன் லோத்தேரிடம் சென்றான். தான் முன்பு ஊழியம் செய்த அரசியின் சகோதரி மகன் அவன். அவனிடம் பெற்ற பணத்தைத் தவறாமல் அனுப்பினான். வாக்கால் பிழைத்தவன் வாக்கைக் காத்தான்.

ஆல்ப்வினேயின் சாவுக்குப் பழிதீர்க்க மேலும் போர் மூளவிருந்தது. கான்டர்பரியின் தலைமைக் குரு தியோடோர் இடையில் புகுந்தார். எழுபதைக் கடந்த முதியவர். தொலைதூர டார்சஸ் நகரில் பிறந்த அந்நியர். அவர் சொல்லை இரு மன்னரும் ஏற்றனர். உயிருக்கு உயிர் கேட்கப்படவில்லை. ஈட்டுப்பணத்தோடு பகை அடங்கிற்று.

நண்பர்களே, நம் விடுதிகளிலும் மாநிலத்தின் பெயரால் கோஷ்டிகள் உண்டு. நேற்றைய ஒரு சொல்லுக்கு இன்று கணக்குத் தீர்க்க நாக்கு துடிக்கும் வேளையில், சரித்திரம் பெயரைக்கூடக் குறித்து வைக்காத அந்தப் பிரபுவை நினைத்துக்கொள்கிறேன்.