கிளிக்கும் ஒரு சோதனை

நோயில்லாத பறவையை மருத்துவரிடம் கொண்டு செல்வது வீண் செலவு என்று கருதியவர்களுள் நானும் ஒருவன். தோட்டப்புறத்தில் வளர்ந்தவன், எங்கள் வீட்டுக் கோழிகள் எந்த மருத்துவரையும் கண்டதில்லை. ஆயினும் மேற்படிப்பிற்காகப் பினாங்கு சென்ற என் மகள், தன் காக்கட்டீல் கிளியை என்னிடம் ஒப்படைத்து, "ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் அப்பா, மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லிச் சென்றாள். வாக்களித்துவிட்டேன். வாக்குத் தவறுவது தலைமையாசிரியருக்கு அழகன்று, அதுவும் மகளிடம்.

காக்கட்டீல் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சிறுகிளி. சாம்பல் நிற உடல், மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, தலையில் கொண்டை. மகள் அதற்கு இட்ட பெயர் மணி. விடியுமுன்பே சீழ்க்கையடித்து வீட்டையே எழுப்பிவிடும். கடந்த இரண்டு திங்களாக அச்சீழ்க்கை குறைந்திருந்தது. "என்னிடம் வந்தபின் பறவைக்கும் அடக்கம் வந்துவிட்டது, பார்த்தாயா?" என்று மனைவியிடம் பெருமை பேசினேன். கிண்ணத்துத் தினை நாள்தோறும் தீர்ந்துவிடுகின்றது. அதற்கென்ன குறை என்றும் எண்ணினேன்.

நாய் பூனைகளுக்கு மருத்துவம் பார்ப்போர் பலர்; பறவைகளைப் பார்ப்போர் சிலரே. ஆதலால் பள்ளி விடுமுறையில் ஒருநாள், கூண்டின்மேல் துணியைப் போர்த்தித் தைப்பிங்கிலிருந்து ஈப்போவிற்குக் காரில் புறப்பட்டோம். முதல்நாள் இரவு கூண்டினடியில் விரித்த தாளை மாற்றாமல் கொண்டுவர வேண்டும் என்று மருத்துவமனையில் முன்னரே சொல்லியிருந்தார்கள்.

மருத்துவர் இளம் மலாய்ப் பெண்மணி. நான் ஆசிரியன் என்றறிந்ததும் 'சிக்கு' என்று மரியாதையுடன் அழைத்தார். பறவையை அவர் உடனே தொடவில்லை. தள்ளி நின்று, மூச்சுவிடும்போது அதன் வால் அசைகின்றதா, இரு கால்களையும் சமமாக ஊன்றி நிற்கின்றதா என்று நோக்கினார். பின்னர் அடித்தாளை எடுத்தார். அது ஒரு தமிழ் நாளிதழ். தமிழில் ஓரெழுத்தும் அறியாத அவர், நான் மேலோட்டமாகப் புரட்டிய அத்தாளை எத்துணைக் கவனத்தோடு படித்தார்! பறவையின் எச்சத்தில் மலம், வெண்மையான கழிவு, தெளிந்த நீர் என மூன்று பகுதிகள் உண்டாம். அவற்றினிடையே செரிக்காமல் கிடந்த தினைமணிகளைச் சுட்டிக் காட்டினார். நாள்தோறும் அத்தகைய தாளைச் சுருட்டி எறிந்தவன் நான்.

துவாலையால் கிளியைப் பற்றி, கழுத்தை இரு விரல்களிடையே தாங்கிக்கொண்டார். மார்பை அழுத்தவில்லை. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு அசைந்தால்தான் மூச்சு. இறுகப் பிடித்தால் இறந்துவிடும் என்றார். பிறகு சிறு தராசில் நிறுத்தார். 84 கிராம். மகள் கொடுத்திருந்த சென்ற ஆண்டின் அட்டையிலோ 96 கிராம்.

12 கிராம் நமக்கு ஒரு பொருட்டன்று. மணிக்கு அது எட்டில் ஒரு பங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ 9 கிலோ இழப்பதற்கு ஒப்பாகும். என் விரலை அதன் மார்பெலும்பின்மீது வைத்துப் பார்க்கச் சொன்னார். இறகுக்குள்ளே கத்தி விளிம்புபோல் இருந்தது.

"நோயைக் காட்டிக்கொண்டால் வேட்டையாடும் உயிர்களுக்கு முதலில் அதுவே இரையாகும். அதனால், முடிந்தவரை நலமாக இருப்பதுபோலவே இருக்கும், சிக்கு" என்றார்.

நான் மறுமொழி கூறவில்லை. 1996ஆம் ஆண்டில் நான் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியன். பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியலில் நல்ல புள்ளிகள் பெற்று வந்தவன். என் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு மாணவன். வாய் திறவான், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். 'அமைதியானவன், நல்லொழுக்கமுடையவன்' என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதினேன். ஒருநாள் அவன் பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்து எழுதக் கண்டு, உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். சில வாரங்கள் கழித்துத் தாதியர் பள்ளிக்கு வந்து கண் பரிசோதனை அட்டையை மாட்டியபோது, அவனால் மேல்வரிசையில் இருந்த பெரிய எழுத்தைக்கூடப் படிக்க இயலவில்லை. கரும்பலகை தெரியாமலே அத்தனை நாளும் பக்கத்து ஏட்டிலிருந்து பாடம் எழுதியிருக்கிறான். கண்ணாடி அணிந்தபின் முன்வரிசைக்கு வந்தான். அந்த இரண்டு அடிகளைப் பற்றி நான் அவனிடம் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை.

மருத்துவர் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்து, இரைப்பையில் ஒருவகைப் பூஞ்சை தொற்றியிருப்பதாகக் கூறினார். எவ்வளவு தின்றாலும் உடலில் ஒட்டாது. இப்போதே கண்டுகொண்டதால் மருந்துண்டு என்றார். காலையும் மாலையும் ஊசியில்லாத ஊசிக்குழலால் வாயில் மருந்து புகட்ட வேண்டும். அது மனைவியின் பொறுப்பு. எடை பார்ப்பது என் பொறுப்பு. கிராம் காட்டும் சமையலறைத் தராசொன்று வாங்கி, நாள்தோறும் தீனி வைக்குமுன் நிறுத்து, மகளின் பழைய பயிற்சி ஏட்டில் குறித்து வருகிறேன். தொலைபேசியில் மகளிடம் எடையை மட்டும் சொன்னேன். அடக்கம் வந்துவிட்டதென்று நான் பெருமை பேசியதை மனைவி சொல்லிவிட்டாள்.

மூன்றாம் வார இறுதியில் 89 கிராம். இன்று ஐந்தரை மணிக்கே மணி சீழ்க்கையடித்து எங்களை எழுப்பிவிட்டது. விடுமுறை நாள்தான், எழுந்துவிட்டேன்.