மெல்லப் பேசும் கோபுரங்கள்

மக்கள் தொகை வளர்கின்றது. வானொலி அலைவரிசைகளோ நிலத்தைப் போல அளவுபட்டவை. அளவுபட்ட ஒன்றைப் பலர் பகிர்ந்து துய்ப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு அறிஞர் கண்ட விடையே கைப்பேசி.

அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயி நகரில் 1946ஆம் ஆண்டில் ஊர்தித் தொலைபேசிப் பணி தொடங்கிற்று. அக்கால முறையில், உயர்ந்த கோபுரம் ஒன்று பேராற்றலுடன் நகர் முழுதும் அலைகளைப் பரப்பும். ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசுங்கால், அதே வரிசையில் பிறர் பேச இயலாது. பேசின் இரு குரலும் கலந்து குழம்பும். இதனைக் குறுக்கீடு என்பர். இதன் விளைவு யாது? 1976ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழ்ந்த நியூயார்க் பகுதிக்கு 12 அலைவரிசைகளே இருந்தன. இப்பணியைப் பெற்றோர் 543 பேர். பெறாது காத்திருந்தோர் 3,700 பேருக்கும் மேலாவர்.

இத்தடையை நீக்கும் வழி முன்னரே சிந்திக்கப்பட்டிருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்து டக்ளஸ் ரிங் என்பார், நிலப்பரப்பை அறுகோணச் சிற்றறைகளாகப் பகுக்கும் முறையைக் குறித்து வைத்தார்.

தேனடையை நோக்குக. அதுபோல் நகரம் பல அறைகளாகின்றது. அறைதோறும் ஒரு சிறு நிலையம் நின்று, தன் எல்லையளவே எட்டுமாறு மெல்லப் பேசும். ஏழு அறைகளை ஒரு தொகுதியாகக் கொள்வோமாயின், அலைவரிசைகள் யாவும் அவ்வேழிற்கும் பங்கிடப்படும். அண்டை அறைகளுக்கு ஒரே வரிசை அமையாது. அடுத்த தொகுதியில் அதே பங்கீடு மீண்டும் வரும். தொலைவு மிக மிக அலை மெலியுமாதலின், ஒரே வரிசையுடைய அறைகள் ஒன்றையொன்று நலியா. இம்முறை 1979இல் டோக்கியோவிலும் 1983இல் சிகாகோவிலும் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது.

பேசுவோர் பெருகின், ஓர் அறையைப் பல சிற்றறைகளாகப் பிளப்பர். நிலையத்தின் அலைகளை மூன்று திசைகளுக்கெனப் பிரித்துச் செலுத்துவர். கைப்பேசியும் அடக்கம் பயிலும்: நிலையத்திற்கு அருகிலிருப்பின் ஆற்றலைக் குறைக்கும், தொலைவிலிருப்பின் வேண்டிய அளவே கூட்டும். அவ்வளவை நிலையமே கட்டளையிடும்.

இவ்வொழுங்கை மீறுவோரும் உளர். தம் வீட்டில் அழைப்புத் தெளிவாக வேண்டுமென்று, அலையைப் பெருக்கும் கருவியை இசைவின்றிப் பொருத்துகின்றனர். அஃது அண்டை அயலாரின் அழைப்புகளைக் கெடுக்கின்றது. ஓரில்லத்தின் நலம் ஒரு தெருவின் துன்பமாகின்றது. அத்தெருவில் மருத்துவரை அவசரமாக அழைப்பவரும் இருக்கலாமன்றோ? ஆகவே, இந்தியாவில் இது சட்டப்படி குற்றமாகும்.

உரக்கக் கூவினால்தான் தம் சொல் பிறர் செவிக்கு எட்டும் என எண்ணுவது எளிது. ஆயின் எல்லாரும் கூவுமிடத்தில் எவர் சொல்லும் கேளாது. ஒவ்வொருவரும் தம் குரலைத் தேவையளவே எழுப்பின், சிலருக்கே போதாதிருந்த வெளி பல கோடி மக்களுக்கும் இடம் தரும்.